பதினோரு மேசைகளும் ஒரு 1939 ரூபாயும்

எங்கள் காசு சேகரிப்போர் சங்கத்தில் வருடத்துக்கு ஒருமுறை உறுப்பினர்களுக்குள் காட்சிப் போட்டி நடக்கும். டெல்டாவில் ஒரு நடுத்தர ஊர். மாதக் கூட்டத்துக்கு இருபது பேருக்கு மேல் வந்துவிட்டால் டீ போதாது. அந்த அளவிலான சங்கம்தான். போன போட்டியில் மூன்று நடுவர்களில் நானும் ஒருவன். முதல் பரிசைத் தவறான மேசைக்குக் கொடுத்தோம். அதைச் சரிசெய்யப் போய் இன்னொரு தவறும் செய்தோம். பக்கத்து ஊர்ச் சங்கங்களுக்கு இந்தச் சங்கதி ஆளுக்கொரு விதமாகப் போய்ச் சேர்ந்திருக்கிறது. ‘போலிக் காசு வைத்து ஏமாற்றினாராமே’ என்று ஒருவர் போனில் கேட்டார். யாரும் ஏமாற்றவில்லை. அதனால்தான் நடந்ததை நடந்தபடி எழுதி வைக்கிறேன். பெயர்கள் வேண்டாம், ஆட்களைத் தொழிலை வைத்தே சொல்லிவிடுகிறேன்.

போட்டி நடந்த விதம்

இடம் ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடம். ஒருவருக்கு ஒரு மேசை, அதன்மேல் கண்ணாடி மூடி போட்ட ஒரு பெட்டி. பெட்டிகள் சங்கத்துக்குச் சொந்தம், பிளைவுட்டில் தச்சரை வைத்துச் செய்தவை, மூன்று அங்குல ஆழம். அதிகம் போனால் 40 காசு வைக்கலாம். காலை ஒன்பது மணிக்குப் பெட்டியைப் பூட்டினால் மாலை பரிசு அறிவித்த பிறகுதான் திறக்க வேண்டும். நடுவர்களுக்கும் இதே விதி. முன்பு ஒருமுறை கூட்டத்தில் ஒரு காசு காணாமல் போய், பெரிய மனக்கசப்பு ஆனது. அதற்குப் பிறகு வந்த ஏற்பாடு இது. அப்போது எல்லோரும் கைதட்டி ஒப்புக்கொண்ட விதி. இந்தக் கதைக்கு வேரே அதுதான்.

மதிப்பெண் தாளில் ஐந்து தலைப்புகள். விவரம் 30, அமைப்பு 20, காசின் நிலை 20, அருமை 20, பார்வைக்கு 10. ஆக 100. நடுவர் மூன்று பேர் என்பதால் மொத்தம் 300. ‘அருமை’ என்றால் எளிதில் கிடைக்காத தன்மை. அதற்கும் ‘நிலை’க்கும் சேர்த்து 40 வைத்திருந்ததை அன்று காலையில் யாரும் யோசிக்கவில்லை. தாள் பத்து வருடமாக அப்படியேதான் ஜெராக்ஸ் ஆகிக்கொண்டிருந்தது.

பதினோரு மேசை. எல்லாவற்றையும் சொல்லப்போவதில்லை. நினைவு நாணயங்கள் மட்டும் மூன்று மேசை. 1995இல் எட்டாம் உலகத் தமிழ் மாநாட்டுக்கு வந்த திருவள்ளுவர் காசுகள், 2003 காமராஜர், தமிழில் கையெழுத்துள்ள 2009 அண்ணா ஐந்து ரூபாய், தஞ்சைப் பெரிய கோவிலின் ஆயிரமாவது ஆண்டுக்காக 2010 என்று ஆண்டு போட்டு வந்த ஆயிரம் ரூபாய் நாணயம். நாணயம் அடிக்கும் அச்சகத்திலிருந்து வந்த உறையோடு அப்படியே வைத்திருந்தார்கள். பார்க்க அழகு. ஆனால் உறையில் அச்சாகியிருப்பதைத்தான் சீட்டிலும் எழுதியிருந்தார்கள். பணம் கட்டினால் தபாலில் வந்துவிடும் பொருள், சேகரித்தவர் கை எங்கே பட்டிருக்கிறது என்று தேட வேண்டியிருந்தது.

கடலுக்குள் போன காசு

மருந்துக்கடைக்காரர் ஒருவர் சென்னை மாகாணத்தின் செப்புக் காசுகளை வைத்திருந்தார். கும்பினியார், அதாவது ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி, 1803இலும் 1808இலும் இங்கிலாந்தில் அடித்து அனுப்பிய 5 காசு, 10 காசு, 20 காசு. இருபது காசின் பின்பக்கம் பாரசீக எழுத்தில் ‘இருபது காசு, நான்கு ஃபலூஸ்’ என்று இருக்கும். அதை எழுத்துக்கூட்டி ஒரு தாளில் எழுதி ஒட்டியிருந்தார். பக்கத்தில் கணக்கு: 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன், ஆக ஒரு வராகனுக்கு 3360 காசு. அந்தக் காலத்துக் கணக்குப்பிள்ளைகளை நினைத்தால் பாவமாக இருக்கிறது.

நடுவில் மட்டும் நான்கு காசு தனியாக இருந்தன. மற்றவை கறுத்திருக்க, இவை மட்டும் செம்பு நிறம் மாறாமல் இருந்தன. அட்மிரல் கார்ட்னர் என்ற கப்பல் 1809 ஜனவரியில் லண்டனிலிருந்து இந்தியாவுக்குக் கிளம்பி, இங்கிலாந்தின் கென்ட் கரைக்கு எதிரே உள்ள குட்வின் மணல்திட்டில் மாட்டி மூழ்கியது. பர்மிங்காமில் மேத்யூ போல்டன் தொடங்கிய சோஹோ அச்சகத்தில் சென்னைக்காக அடித்த டன் கணக்கான செப்புக் காசு அதில் இருந்தது. 1980களில் அதை வெளியே எடுத்தார்கள். பீப்பாய்க்குள் இறுகிக் கிடந்த காசுகள் புதுசு போலவே வந்தன. ‘நம் கடைத்தெருவுக்கு வரவேண்டிய காசு, நூற்றெழுபது வருடம் தாமதம்’ என்று சீட்டில் எழுதியிருந்தார். இந்த மேசை மூன்றாம் இடம். அதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

டீக்கடைக் கல்லாவிலிருந்து

ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி. அப்பாவுக்கு டீக்கடை. தினமும் ராத்திரி கல்லா எண்ணும்போது சில்லறையைக் கொட்டி, ஒவ்வொரு ஒரு ரூபாய்க் காசிலும் ஆண்டுக்குக் கீழே என்ன குறி இருக்கிறது என்று பார்த்திருக்கிறாள். வைரம் போன்ற சாய்சதுரம் என்றால் மும்பை, நட்சத்திரம் என்றால் ஹைதராபாத், வெறும் புள்ளி என்றால் நொய்டா, ஒன்றுமே இல்லாவிட்டால் கொல்கத்தா. ஒரே ஆண்டுக் காசை நான்கு அச்சகத்திலிருந்தும் சேர்த்து ஒரு வரிசை. இப்படிப் பல ஆண்டுகளுக்குப் பல வரிசைகள். கிடைக்காத இடத்தில் காலியாக ஒரு வட்டம் வரைந்து, ‘இன்னும் தேடுகிறேன்’ என்று எழுதியிருந்தாள். குறிகளைச் சார்ட் பேப்பரில் பெரிதாகக் கையால் வரைந்து ஒட்டியிருந்தாள். கடைசியில் ஒரு 1985 ஒரு ரூபாய், அதில் ஆங்கில ‘எச்’ எழுத்து. அது பர்மிங்காம் ஹீட்டன் அச்சகத்தின் குறி. இந்தியாவில் அச்சகம் இருந்தும் வெளியே அடித்து வாங்கிய வருடம் அது. பாட்டியின் உண்டியலில் கிடைத்ததாம்.

அருமைக்கு நான் போட்டது 20க்கு 2. நிலைக்கு 5. புழங்கித் தேய்ந்த காசு, வேறு என்ன போடுவது? மொத்தத்தில் ஏழாவது இடம். மாலையில் மதிப்பெண் தாளைக் கையில் வைத்துக்கொண்டு என்னிடம் வந்தாள்.

“சார், அருமைக்கு ரெண்டு போட்டிருக்கீங்க. எங்க கடைக்கு அருமையான காச எடுத்துட்டு வந்து யார் சார் டீ குடிப்பாங்க?”

எனக்குப் பதில் வரவில்லை. சிரித்து மழுப்பினேன். அன்று முழுக்க நடுவர்களிடம் யாரும் கேட்டதில் அதுதான் சரியான கேள்வி.

ராஜா என்று நினைத்த ராணி

ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவர் சோழர் செப்புக் காசுகள் 30 வைத்திருந்தார். காசைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: ஒரு பக்கம் நிற்கும் உருவம், மறுபக்கம் உட்கார்ந்த உருவம், அதன் கைக்கு அருகில் நாகரி எழுத்தில் ‘ஸ்ரீ ராஜராஜ’. எங்கள் பக்கம் ஆற்று மணலில் சல்லடை போடுகிறவர்களிடம் இது சர்வ சாதாரணம். விலை குறைவு என்பதால் பலர் இதை மதிப்பதில்லை. ஐயா அப்படி இல்லை. எழுத்து எந்தக் காசில் எவ்வளவு தெரிகிறது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கோட்டுப்படம் போட்டிருந்தார். முழு எழுத்து தெரியாத காசில் தெரிந்ததை மட்டும் கறுப்பு மையிலும், ஊகித்ததைச் சிவப்பு மையிலும் வரைந்திருந்தார். பெரிய ஆராய்ச்சிக் கட்டுரைகளில்கூட எல்லோரும் இவ்வளவு நேர்மையாக இருப்பதில்லை.

அந்தச் சிவப்பு மைதான் அவரைக் காட்டிக்கொடுத்தது. 22ஆம் காசில் ‘ஸ்ரீ ராஜ’ கறுப்பில், அடுத்த ‘ராஜ’ சிவப்பில். நடுவர்களில் நாகரி நன்றாக வாசிப்பவர் ஒருவர் இருந்தார். கண்ணாடிக்கு மேலே டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து ஐந்து நிமிடம் பார்த்தார். “இது ராஜராஜன் இல்லைங்க, லீலாவதி.” இலங்கையின் பொலன்னறுவையில் 1197க்கும் 1212க்கும் நடுவே மூன்று முறை அரியணை ஏறி மூன்று முறையும் இறக்கப்பட்ட ராணி. சோழர் இலங்கையை விட்டுப் போன பிறகும், முதலாம் பராக்கிரமபாகு, நிசங்கமல்லன் என்று அங்கிருந்த மன்னர்கள் இதே நின்ற உருவம், அமர்ந்த உருவம் வார்ப்பில்தான் காசு அடித்தார்கள். பெயர் மட்டும் மாறும். லீலாவதி காசில் ‘ஸ்ரீ ராஜ லீலாவதி’. முதல் மூன்று எழுத்தும் ராஜராஜன் காசில் இருப்பதேதான்.

ஐயாவிடம் தயங்கித் தயங்கிச் சொன்னோம். அவர் முகம் மலர்ந்துவிட்டது. “முப்பது வருஷமா ஒரு ராணிய ராஜான்னு கூப்பிட்டுட்டு இருந்திருக்கேனே!” என்று அங்கேயே பேனாவை எடுத்தார். பெட்டி பூட்டியிருந்ததால் திருத்த முடியவில்லை. தப்புக்கு மதிப்பெண்ணைக் குறைத்தோம். நான்காவது இடம். தப்பு வெளியே தெரியும்படி எழுதியதாலேயே தப்பு பிடிபட்டது. வெறுமே ‘ராஜராஜன் காசு’ என்று எழுதியிருந்தால் நாங்களும் கடந்து போயிருப்போம், முழு மதிப்பெண்ணும் போட்டிருப்போம்.

இதே மேசையில் இன்னொரு சங்கடமும் உண்டு. ‘ஆற்றில் சல்லடைக்காரரிடம் வாங்கியது’ என்று வெளிப்படையாக எழுதியிருந்தார். 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. மண்ணுக்குள் மறைந்து கிடந்து எடுத்த பொருள் பத்து ரூபாய் மதிப்புக்கு மேல் போனால் கலெக்டருக்குத் தகவல் சொல்ல வேண்டும். 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி நூறு வயதான காசு தொல்பொருள், அரசு அனுமதி இல்லாமல் நாட்டை விட்டு வெளியே கொண்டுபோகக் கூடாது. இதெல்லாம் தெரிந்த உறுப்பினர் ஒருவர், “ஐயா, அந்த வரிய மட்டும் அடிச்சிடுங்க” என்றார். எனக்கு அதில் உடன்பாடில்லை. எங்கே கிடைத்தது என்ற வரி போய்விட்டால், சங்க காலப் பாண்டியரின் ‘பெருவழுதி’ காசாக இருந்தாலும் பாதி ஊமைதான்.

வெள்ளி ரூபாய் மேசை

நகைக்கடைக்காரரின் மேசை வாசலுக்கு நேரே. கூட்டம் முழுக்க அங்கேதான். 1835இன் நான்காம் வில்லியம் ரூபாயிலிருந்து 1947இன் நிக்கல் ரூபாய் வரை, வகைக்கு ஒன்றாக, கருநீல வெல்வெட்டில். வெள்ளி பளபளவென்று மின்னியது. பார்க்க வந்த பெண்கள் ‘கொலுசு மாதிரி இருக்கு’ என்றார்கள். உண்மையில் அதே பஃப் மோட்டாரில்தான் மெருகு போட்டிருந்தார். கொலுசுக்கு அது சரி. காசுக்கு மேல்தோலை உரிப்பது போல. நம் வீடுகளில் செப்புக் காசைப் புளி போட்டுத் தேய்ப்பதும் இதே ரகம். தேய்த்த அன்று மின்னும், அதற்கப்புறம் அது பழைய காசாகத் திரும்பவே திரும்பாது.

சீட்டுகள் ஏமாற்றம். ‘விக்டோரியா ராணி 1862, அருமையான காசு.’ அவ்வளவுதான். 1862 என்று போட்ட ரூபாயை 1862இல் மட்டும் அடிக்கவில்லை. 1870களின் தொடக்கம் வரை அதே ஆண்டைப் போட்டே அடித்துக்கொண்டிருந்தார்கள். அதனால்தான் அந்தக் காசின் நுண்ணிய புள்ளிகளை எண்ணி வகை பிரிக்கச் சிலர் ஆயுளையே செலவழிக்கிறார்கள். 1911 ஐந்தாம் ஜார்ஜ் ரூபாய்க்கு ‘பன்றி ரூபாய்’ என்று மட்டும் எழுதியிருந்தார். அரசரின் அங்கியில் இருந்த யானையின் தும்பிக்கை குட்டையாகப்போய்ப் பன்றி போலத் தெரிந்ததும், முஸ்லிம்கள் முகம் சுளித்ததும், 1912இல் யானையைத் திருத்தி அடித்ததும் சொல்லப்படவில்லை. ரூபாயின் எடை 11.66 கிராம், அதாவது ஒரு தோலா. பழைய வைத்தியக் குறிப்புகளில் ‘ஒரு ரூபா எடை’ என்று வருவது இதைத்தான். தராசோடு வாழ்கிற மனிதர், இதை எழுதியிருந்தால் நான் எழுந்து நின்று கைதட்டியிருப்பேன்.

நடுவில், மற்றவற்றை விட ஒரு விரல் உயரமான பீடத்தில், 1939.

வெள்ளி ரூபாய் சேகரிப்பவர்களிடம் 1939க்குத் தனி மரியாதை. அடுத்த ஆண்டே வெள்ளியின் அளவைப் பாதிக்குக் குறைத்துவிட்டார்கள். ஆயிரத்தில் 917 பங்கு வெள்ளியாக வந்த ஆறாம் ஜார்ஜ் ரூபாய்களில் 1938 கிடைக்கும், 1939 கிடைக்காது. அதனாலேயே போலிகள் அதிகம். இதெல்லாம் எனக்கு நன்றாகவே தெரியும். தெரிந்தும் அருமைக்கு 19 போட்டேன். இன்னொருவர் 20, மூன்றாமவர் 19. மூன்று பேரும் சந்தேகப்பட்டிருக்க வேண்டியவர்கள். பீடமும் வெல்வெட்டும் சேர்ந்து எங்கள் கண்ணைக் கட்டிவிட்டன என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். அதைவிட எளிய காரணம் ஒன்று உண்டு. பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் காசுக்கு ஓர் அங்குலம் கிட்டே போனால்தான் தெளிவாகக் காட்டும். எங்கள் கண்ணாடியோ காசுக்கு இரண்டு அங்குலத்துக்கும் மேலே. மூன்று பேர் சட்டைப்பையிலும் லென்ஸ் இருந்தது, ஒருவருக்கும் பயன்படவில்லை.

ஒரு டிக்கெட்டில் மூன்று கொடி

கடைசி மேசை, கை கழுவும் இடத்துக்குப் பக்கத்தில். ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர். கடற்கரைச் சாலையில் வருடக்கணக்கில் போய் வந்தவர். பெட்டியின் குறுக்கே கறுப்பு ரிப்பனை நெளிநெளியாக ஓடவிட்டிருந்தார். அதுதான் சாலை. தரங்கம்பாடி, காரைக்கால், நாகூர், நாகப்பட்டினம் என்று நிறுத்தங்கள். ஒவ்வொரு நிறுத்தத்திலும் அந்த ஊரை ஆண்டவர்களின் காசு. ஒன்றரை மணி நேரப் பயணத்துக்குள் டென்மார்க், பிரான்ஸ், ஹாலந்து.

சீட்டுகள் பஸ் டிக்கெட் அளவில் இருந்தன.

‘தரங்கம்பாடி. ஏறியது 1620. இறங்கியது 1845. செராம்பூரோடு சேர்த்து 12.5 லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயரிடம் சீட்டு மாற்றிக்கொடுத்தார்கள்.’

‘காரைக்கால். ஏறியது 1739. இறங்கியது 1954. நடுவில் ஆங்கிலேயர் பலமுறை இறக்கிவிட்டு, மறுபடி ஏற்றிக்கொண்டார்கள்.’

‘நாகப்பட்டினம். போர்த்துகீசியர் எழுந்த இடத்தில் 1658இல் உட்கார்ந்தார்கள். 1781இல் ஆங்கிலேயர் எழுப்பிவிட்டார்கள்.’

இப்படி எழுத ஒரு கண்டக்டரால்தான் முடியும். வாசித்துவிட்டுக் குனிந்து காசைப் பார்க்காமல் யாரும் நகரவில்லை. காசுகள் என்று பார்த்தால் எல்லாம் நோஞ்சான்கள். தரங்கம்பாடியின் ஈயக் காசு, விளிம்பு அரித்துப்போய், அரசரின் முத்திரை எழுத்து பாதிதான் தெரியும். ஏழாம் கிறிஸ்டியனின் ‘சி’க்குள் 7 போட்ட செப்புக் காசு. ஒரு பக்கம் பிரான்சின் லில்லிப் பூவும் மறுபக்கம் தமிழில் ‘புதுச்சேரி’யும் உள்ள குண்டுக் காசு. டச்சுக் கும்பினியின் முத்திரை எழுத்து போட்ட துயிட் என்ற செப்புக் காசு. ஊர்ப் பெயரைத் தமிழில் பொறித்த வெள்ளைக்காரக் காசுகளுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அம்புக்குறி போட்டு, ‘சில்லறை கொடுக்க நம் எழுத்து வேண்டியிருந்தது’ என்று எழுதியிருந்தார்.

ஒரு தப்பும் இருந்தது. ‘ரொக்கத்துக்கு ஆங்கிலத்தில் கேஷ் என்று சொல்வதே நம் காசிலிருந்துதான்’ என்று எழுதிவிட்டார். பலரும் நம்புகிற கதை. நம் ஊர்ச் சின்னக் காசை ஆங்கிலேயர் கேஷ் என்றது காசு என்ற சொல்லிலிருந்துதான், அது சரி. ரொக்கம் என்ற பொருளில் வரும் கேஷ் வேறு வழியில், பணப்பெட்டி என்று பொருள்படும் பிரெஞ்சு, இத்தாலியச் சொல்லிலிருந்து வந்தது. இரண்டும் ஓசையில் ஒன்றாகப் போய்விட்டன. விவரத்தில் 3 குறைத்து 27 போட்டேன்.

ஈயக் காசுகளை அவர் சின்னப் பிளாஸ்டிக் குப்பிகளுக்குள் வைத்து மூடியிருந்தார். பார்வைக்கு அசிங்கமாக இருந்ததால் ஒரு நடுவர் மதிப்பெண்ணைக் குறைத்தார். ஏன் குப்பி என்று பிறகு கேட்டபோது, “உங்க பெட்டி பிளைவுட்டு சார். அதுலேருந்து வர்ற ஆவி ஈயத்துக்கு ஆவாது, வெள்ளப் பொடியாக் கிளம்பிரும்” என்றார். உண்மை. மரத்திலிருந்தும் பிசினிலிருந்தும் வரும் அமிலக் காற்று ஈயத்தை அரிக்கும். சங்கத்தின் பெட்டியே காசுக்கு எதிரி என்று தெரிந்து வைத்திருந்த ஒரே ஆள் அவர். அதற்குத்தான் மதிப்பெண் குறைந்தது. காசின் நிலைக்கு மூன்று பேரும் சேர்ந்து அவருக்குப் போட்டது 60க்கு 27. மெருகு போட்ட ரூபாய்களுக்கு 46.

அறிவிப்பும் அதற்குப் பிறகும்

நகைக்கடைக்காரர் 225. கண்டக்டர் 212. கோப்பை கொடுத்தாயிற்று, போட்டோ எடுத்தாயிற்று, எல்லோரும் கேசரி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பெட்டிகளைத் திறந்து காசுகளை எடுத்துவைக்கும் நேரத்தில், 1939ஐக் கையில் வாங்கிப் பார்க்கலாமா என்று கேட்டேன். ஆசைதான், சந்தேகம் இல்லை. விளிம்பைப் பிடித்து லென்ஸைக் கிட்டே கொண்டுபோனேன்.

ஆண்டில் இரண்டு ஒன்பது இருக்கிறது. இரண்டும் ஒரே ஜாடையில் இருக்க வேண்டும். முதல் ஒன்பதின் தலை பெரியது. கடைசி ஒன்பதின் தலை சின்னது, வால் மட்டும் தடித்து உருண்டு கிடந்தது. எட்டு என்ற எண்ணில் மேல் வட்டம் சின்னதாகவும் கீழ் வட்டம் பெரிதாகவும் இருக்கும் அல்லவா? கீழ் வட்டத்தின் இடப்பக்கத்தைச் சுரண்டி எடுத்துவிட்டால் இப்படித்தான் ஒன்பது கிடைக்கும். 1938ஐ 1939 ஆக்கியிருந்தார்கள்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. லென்ஸை அவர் கையில் கொடுத்தேன். நகைத்தொழில் தெரிந்தவருக்கு நான் என்ன சொல்ல? அரை நிமிடம் பார்த்தார். “உளி பட்ட எடம் தெரியுது” என்றார். அப்புறம் மெல்லிய குரலில், “பஃப் போட்டு நானே அத மறைச்சிருக்கேன்” என்றார். அவருடைய அப்பா காலத்தில் வாங்கியதாம். எடை சரியாக இருந்ததால் யாரும் சந்தேகப்படவில்லை. எடை சரியாகத்தான் இருக்கும், அது அசல் 1938 ரூபாய்தானே. உளி எடுத்தது ஓர் அரிசிமணியின் நுனி அளவு வெள்ளி.

அன்று இரவே மூன்று நடுவர்களும் உட்கார்ந்து அருமைக்கான மதிப்பெண்ணை மட்டும் மறுபடி போட்டோம். 58 இருந்தது 35 ஆனது. மொத்தம் 225இலிருந்து 202. கண்டக்டர் 10 மதிப்பெண் முன்னால். எனக்கு இதில் குழப்பமே இல்லை. முடிவை மாற்றி அறிவித்துவிடலாம் என்றேன்.

நிர்வாகக் குழுவில் வேறு மாதிரிப் போனது. முடிவை அறிவித்த பிறகு மாற்றலாம் என்று விதியில் இல்லை என்றார் ஒருவர். மாற்றக் கூடாது என்றும் இல்லை என்றேன். மண்டப வாடகையில் பாதி நகைக்கடைக்காரர் கொடுத்தது என்பதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. எல்லோரும் அதைச் சுற்றியே பேசினார்கள். கடைசியில் இருவருக்கும் முதல் பரிசு என்று முடிவானது. இன்னொரு கோப்பை வாங்கினோம். நான் எதிர்த்து வாக்களித்தேன், இன்றும் அது தவறு என்றே நினைக்கிறேன். நகைக்கடைக்காரர் யாரையும் ஏமாற்றவில்லை, அவரே ஏமாந்தவர். ஆனால் பரிசு ஆளின் நல்ல குணத்துக்கு இல்லையே, மேசைக்குத்தானே.

வேடிக்கை என்னவென்றால், அவரே குழுவிடம் வந்து, “எனக்குக் கோப்ப வேணாம். கண்டக்டரண்ணனுக்கே குடுத்துருங்க” என்று சொல்லிப் பார்த்தார். குழு கேட்கவில்லை. கண்டக்டரிடம் நான் மன்னிப்புக் கேட்கப் போனபோது, “விடுங்க சார், ரெண்டு பேர் உக்கார்ற சீட்டுதான்” என்றார். கோபம் இருந்ததா இல்லையா என்று முகத்தில் தெரியவில்லை. பணியில் இருந்த காலத்தில் பழகிய முகம்.

தாளில் என்ன மாறியது

மூன்று மாதக் கூட்டங்களில் சண்டை போட்டு மதிப்பெண் தாளை மாற்றினோம். அருமை 20இலிருந்து 5. விவரம் 45. அமைப்பு 20, பார்வைக்கு 15. ‘காசின் நிலை’ என்ற தலைப்பை எடுத்துவிட்டு ‘பராமரிப்பு’ என்று 15 வைத்தோம். காசு எவ்வளவு மின்னுகிறது என்பதற்கு இனி மதிப்பெண் இல்லை, காசை எப்படி வைத்திருக்கிறார் என்பதற்குத்தான். பி.வி.சி. உறையில் வைத்துப் பச்சைப் பிசுக்கு ஏறவிட்டால் குறையும், ஈயத்தைக் குப்பியில் வைத்தால் கூடும். மெருகு போட்டிருந்தால் சீட்டில் எழுத வேண்டும். ஒவ்வொரு காசுக்கும் எடையும் குறுக்களவும் கட்டாயம். கிராமில் நூறில் ஒரு பங்கு காட்டும் தராசு ஒன்று வாங்கினோம். பெட்டியை உரிமையாளர் முன்னிலையில் நடுவர்களுக்காகக் கால் மணி நேரம் திறக்க வேண்டும்.

‘எங்கிருந்து கிடைத்தது’ என்ற வரியைக் கட்டாயமாக்க வேண்டும் என்ற என் தீர்மானம் தோற்றுவிட்டது. புதையல் சட்டத்தைச் சொல்லிப் பயப்படுகிறார்கள். அந்தப் பயத்தில் நியாயமும் இருக்கிறது. விரும்பினால் எழுதலாம் என்று விட்டிருக்கிறோம். தமிழாசிரியர் ஐயா மட்டும் எழுதுவேன் என்று உறுதியாக இருக்கிறார். லீலாவதியை இப்போது தனிப் பெட்டியில் வைத்திருக்கிறார்.

பழைய குறிப்புகளை வைத்து, புதுத் தாளில் எல்லா மேசைக்கும் என் கணக்கில் மறுபடி போட்டுப் பார்த்தேன். டீக்கடைக்காரர் மகள் ஏழாவதிலிருந்து மூன்றாவதுக்கு வந்தாள். அவளிடம் சொன்னேன். “அப்ப கோப்பை?” என்றாள். மூன்றாவதுக்குக் கோப்பை கிடையாது, சான்றிதழ்தான் என்றேன்.

இந்த வருடப் போட்டிக்கு விண்ணப்பங்கள் வர ஆரம்பித்துவிட்டன. முதலில் வந்தது நகைக்கடைக்காரருடையது. தலைப்பு, ‘என்னிடம் உள்ள போலிகள்’. கடைக்கு இத்தனை வருடமாக வந்த போலி ரூபாய்களை எல்லாம் எடுத்து, எது வார்ப்பு, எது சுரண்டியது, எது ஒட்டியது என்று பிரித்துக்கொண்டிருக்கிறாராம். ஒரு மேசை போதாது, இரண்டு வேண்டும் என்று கேட்டிருக்கிறார்.